கிளிக்குக் கறித்துண்டு: மசாலாவுக்கு முன்னால் எடுத்துவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் வாரமலரின் செல்லப்பிராணிகள் பகுதியில், கிளிகளுக்கு இறைச்சியும் எலும்பும் அறவே கொடுக்கக்கூடாது என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அக்கறையோடு எழுதியதுதான். ஆனால் கிளி வளர்க்கும் மலையகத்து வீடுகளில் அந்த ஒற்றை வரியை யாரும் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி வேகும் வாசனைக்கு இஸ்தோப்பில் தொங்கும் கூட்டிலிருந்து கிளி கத்த ஆரம்பித்தால், பிள்ளைகளில் ஒருவர் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து நீட்டத்தான் செய்கிறது. அதனால் எப்படிக் கொடுப்பது என்று சொல்வதுதான் பிரயோசனம். கெடுதல் பெரும்பாலும் அந்தத் துண்டில் ஒட்டியிருக்கும் குழம்பிலிருந்தே வருகிறது.

கிளி என்றால் பழமும் கொட்டையும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் தென்தீவு மலைகளில் வாழும் கீயா என்ற கிளி செத்த ஆட்டைத் தின்னும். உயிருள்ள செம்மறியின் முதுகுக் கொழுப்பையும் கொத்தும். அதற்காகவே அரசாங்கம் பரிசு வைத்து அதைக் கொல்ல விட்டிருந்தது. 1986இல்தான் அதற்கு முழுப் பாதுகாப்புக் கிடைத்தது. நம் பச்சைக்கிளி விதை, பழம், பூ, மொட்டு என்று வாழ்வது. இறைச்சி இல்லாமலே அது நன்றாக இருக்கும். ஆசைக்கு ஒரு துணுக்கைச் சரியாகக் கொடுத்தால் அதன் வயிறு தாங்கும். அவ்வளவுதான் என் வாதம்.

குழம்பு ஏன் கெடுதல்? பச்சைக்கிளியின் எடை சுமார் 120 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதைவிட 500 மடங்கு பெரியவர். நம் நாக்குக்கு அளவாகத் தெரியும் உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். வெங்காயமும் பூண்டும் பறவைகளின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியவை. நம் கறியில் அவை இரண்டும் இல்லாமல் ஏது? கருவாடு, டின் மீன், சோசேஜ், டவுனில் வாங்கிவந்த கொத்து ரொட்டியில் கிடக்கும் கோழித் துண்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கழுவிக் கொடுத்தாலும் உள்ளே ஊறிய உப்பு போகாது.

ஆகவே வழி மிகச் சுலபம். சட்டியில் எதையும் போடுவதற்கு முன்பே, தோலும் கொழுப்பும் நீக்கிய நெஞ்சுத் துண்டு ஒன்றைத் தனியாக எடுத்து, வெறும் தண்ணீரில் அவித்து ஆறவையுங்கள். உள்ளே சிவப்பு தெரியக்கூடாது. பச்சை இறைச்சியில் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். அவை கிளியையும் தாக்கும், கூட்டைக் கழுவுகிற நம்மையும் தாக்கும். பச்சைக்கிளிக்குச் சுண்டுவிரல் நகம் அளவு போதும், அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை. லவ்பேர்ட்ஸ் மாதிரி சின்னக் கிளிகளுக்கு அரிசிமணி அளவில் ஓரிரு துணுக்கு. கூட்டில் அடைபட்ட பறவைக்குப் பறந்து கரைக்க வழியில்லை. கொழுப்பு கல்லீரலிலும் இரத்தக் குழாயிலும்தான் படியும். சூரியகாந்தி விதையையே நாள் முழுக்கக் கொறிக்கும் கிளியாக இருந்தால் இறைச்சியை விட்டுவிட்டு முதலில் கீரை, கரட், பூசணி பழக்குங்கள். விட்டமின் ஏ குறைபாடு அப்படிப்பட்ட கிளிகளுக்குத்தான் அதிகம் வரும்.

எலும்பு விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். என் சித்தி வீட்டுக் கிளி அவித்த கோழிக்கால் எலும்பை ஒரு காலால் பிடித்துக்கொண்டு, முதலில் முனையில் இருக்கும் குருத்தெலும்பைக் கீழலகால் சுரண்டும். அது தீர்ந்ததும் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரிடத்தில் நெரித்து உடைத்து, தடித்த நாக்கை விட்டு மஜ்ஜையை நோண்டி எடுக்கும். அந்த நேரத்தில் சித்தி அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். எலும்பு உடைந்ததும் கூரான சிம்புகளைப் பொறுக்கிவிடுவார். அப்படித்தான் செய்யவேண்டும். மெல்லிய விலா எலும்பு, சிறகு எலும்பு, மீன் முள் எதுவும் வேண்டாம். பிரஷர் குக்கரில் வெந்து பொலபொலத்த எலும்பும் வேண்டாம். ஆட்டெலும்பு என்றால் கடையில் கத்தியால் வெட்டிய முனையில் சில்லுகள் ஒட்டியிருக்கும், பார்த்துக் கொடுங்கள். மலையில் குளிர்தானே என்று பொழுது சாயும்வரை கூட்டிலேயே விட்டுவைக்காதீர்கள்; ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவ வேண்டும். வாயில் மென்று ஊட்டுவதும் கூடாது, நம் எச்சிலில் உள்ள கிருமி பறவைக்கு ஆகாது.

இதெல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கிளிகளுக்காகச் சொல்வது. காட்டில் குஞ்சு பிடித்துவந்து கூட்டில் அடைப்பதை யாரும் செய்யக்கூடாது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொன்று. இறைச்சியைப் பற்றிப் பயப்படுகிற நம் வீடுகளில் கிளிக்குத் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் சர்வசாதாரணம். தேயிலையில் கஃபீன் இருக்கிறது, அது பறவையின் இதயத்துடிப்பைக் கண்டபடி ஏற்றிவிடும். தோட்டத்து மரங்களில் காய்க்கும் அவகாடோவோ கிளியைக் கொன்றேவிடும். தங்கள் குறிப்பில் இந்த இரண்டும் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப்பட்டது.

உடம்பு சரியில்லாததைக் கிளி கடைசிவரை மறைக்கும்; சிறகை உப்பிக்கொண்டு கூட்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தமிழில் ஒரு முழுப் பக்கம் வெளியிடுவீர்களா? வெட்டி எடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டிவைக்கும் அளவுக்கு, பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தலவாக்கலை.