மழைநீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு,

சென்னையின் குடிநீர்த் தேவைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை மேலும் கட்ட வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மழை பொய்த்த ஆண்டில் அவை கைகொடுக்கும், மறுப்பதற்கில்லை. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை இருக்கிறது. ஆனால் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் நிலத்துக்குள் கடல்நீர் புகுந்ததும் இதே மீஞ்சூர் வட்டாரத்தில்தான். சும்மா கிடைத்த நன்னீரைக் கெடுத்துவிட்டு, இப்போது மின்சாரத்தைக் கொட்டி உப்பைப் பிரிக்கிறோம்! அதைவிட, கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது உருப்படியான வேலை. தொழிற்சாலைகள் குடிநீருக்குப் போட்டியிடாமல் இருந்தாலே பாதி சுமை குறையும்.

மீதி நம் வீட்டு வாசலில் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர் கரிக்கிறதே என்று தொட்டியின் மூடியைத் திறந்தால், உள்ளே உடைந்த டைல்ஸ், பால் கவர், கெட்டிப்பட்ட சிமெண்ட். மாடியிலிருந்து வரும் குழாய் நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. காகிதத்தில் மட்டும் எல்லாம் சரி. எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, மாநகராட்சி ஊழியர்கள் வீடுவீடாக மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பராமரிப்பவர்களுக்குச் சொத்து வரியில் சிறு சலுகை கொடுக்கலாம். அரசு கட்டடங்களிலிருந்து இதைத் தொடங்கினால் இன்னும் நல்லது.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை-81