மோட்டாரைத் திட்டாதே, வசந்தி

பீளமேடு,
கோயம்புத்தூர்.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த சேதி ஒரே வரி, மீன் தொட்டி ஃபில்டருக்கு இரண்டு பக்கம். சம்பந்தி வீட்டார் கண்ணில் மட்டும் அந்தக் கடிதம் பட்டுவிடக் கூடாது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சமையலறை மூலையில் இருக்கும் ஒட்டடை எல்லாம் துல்லியமாகத் தெரிகிறதாம். தினமும் ஒன்றைக் காட்டுகிறார், எடுப்பது மட்டும் நான்தான். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படியைக் கண்டால் பகையாளியைப் பார்த்த மாதிரி நிற்கிறேன்.

சரி, ஃபில்டருக்கு வருகிறேன், அதில் தண்ணீர் வரத்து குறைந்துவிட்டது என்கிறாயே. ஹாஸ்டலில் ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவாய். பம்ப் கம்பெனி டெஸ்டிங் பிரிவில் காலம் தள்ளியவளிடம் இதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்?

"மோட்டாருக்கு வயசாகிவிட்டது, இழுவை போய்விட்டது, பெரிய ஃபில்டராக வாங்கலாம்" என்று உன் வீட்டுக்காரர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் பெட்டியாக உட்காரும் உன் கேனிஸ்டர் ஃபில்டரில் இருப்பது சின்ன ஏசி மோட்டார், நடுவில் சுற்றுவது ஒரு நிரந்தர காந்தம். கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்றால் அந்தக் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால்கூட அந்த வேகம் இறங்காது. சுற்றினால் முழு வேகம், முடியாவிட்டால் உறுமிக்கொண்டு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் 'மெதுவாகச் சுற்றுவது' என்ற நிலையே அதற்குக் கிடையாது. ஆகவே தண்ணீர் குறைந்துவிட்டது, மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றால், தண்ணீர் போகும் வழியைப் பார். அநேகமாக அங்கேதான் ஏதோ மறிக்கிறது.

ஸ்டாண்டை உயரமாக மாற்றியதால் இருக்குமோ என்று கேட்டாயே, அந்தச் சந்தேகம் வேண்டாம். கிணற்றுப் பம்பில் தண்ணீரைத் தரை மட்டம் வரை தூக்கியாக வேண்டும். அங்கே உயரம்தான் எல்லாம். உன் ஃபில்டரில் ஒரு ஹோஸ் வழியாகத் தண்ணீர் தானாக இறங்கி வருகிறது, இன்னொன்றின் வழியாக அதே தொட்டிக்கு ஏறுகிறது. இறங்கும் பாரமும் ஏறும் பாரமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். வெளிவரும் குழாய் தண்ணீருக்குள் இருக்கும்வரை மோட்டாருக்கு உராய்வைச் சமாளிப்பது ஒன்றே வேலை. உயர ஸ்டாண்டால் வந்த நஷ்டம் நீட்டிய ஹோஸின் கூடுதல் உராய்வுதான், அது சொற்பம். ஆனால் ஹோஸைத் தேவைக்கு மேல் நீளமாக விட்டு ஸ்டாண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தால் வெட்டிவிடு. சுருளில் காற்று தங்கும். இந்த வெயிலுக்கு பிவிசி ஹோஸ் இளகி, தொட்டி விளிம்பில் மடங்கித் தட்டையாகவும் ஆகிவிடும். கையை விட்டுத் தடவிப் பார்.

இனி நீ எழுதிய இரண்டு அடையாளங்கள். கழுவிப் போட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது, பிறகு குறைகிறது என்கிறாய். அவ்வப்போது கரகரவென்று சத்தம் வந்து குமிழிகள் வெளியே தள்ளுகின்றன என்கிறாய். இவற்றை ஒரே கோளாறாக நினைக்காதே. இரண்டும் வேறு வேறு.

குமிழியை முதலில் முடித்துவிடுகிறேன், செலவில்லாத வேலை. நீ அனுப்பிய வீடியோவில் ஏர் ஸ்டோன், அதுதான் காற்றுக் குமிழி விடும் கல், எங்கே கிடக்கிறது என்று பார்த்தாயா? ஃபில்டர் உறிஞ்சும் குழாய்க்கு நேர் கீழே. வெயிலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன என்று உன் வீட்டுக்காரர் அக்கறையோடு போட்டிருப்பார், அது தப்பில்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். இரவெல்லாம் உன் செடிகளும் அதில் பங்கு கேட்கும், அதனால்தான் விடியற்காலையில் அதிகம் வாய் பிளக்கின்றன. ஆனால் அந்தக் குமிழிகளை ஃபில்டர் உறிஞ்சிக்கொண்டால் அவை மேலே போய் இம்பெல்லர் அருகே, அதாவது காந்தத்தோடு சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தின் அருகே தங்கும். காற்றை அடிக்கும் இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளாது. ஏர் ஸ்டோனைத் தொட்டியின் மறுகோடிக்கு மாற்று. பிறகு ஃபில்டர் ஓடும்போதே அதை மெல்லச் சாய்த்து ஆட்டு, தேங்கிய காற்று வெளியேறிவிடும்.

அப்படியும் குமிழி வந்தால், தொட்டி விளிம்பைத் தாண்டி வளைகிற குழாயின் இணைப்பைப் பார். உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் எந்த விரிசலும் சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால்தான் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. மூடியிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போனால் கதை நேர்மாறு, ஃபில்டரைச் சுற்றித் தரை ஈரமாகும். உன் வீட்டில் தரை காய்ந்திருக்கிறது என்றால் ஓ-ரிங்மேல் பழி போட வேண்டாம்.

அடுத்து அந்த 'இரண்டு நாள்' விஷயம். கூடைகளை அடுக்கி நீ எடுத்த படத்தில் வெள்ளைப் பஞ்சு அடிக்கூடையில் இருக்கிறது. வசந்தி, உன் மாதிரி ஃபில்டரில் தண்ணீர் ஓரமாக அடிவரை இறங்கி, அங்கிருந்து கூடைகள் வழியாக மேலே ஏறுகிறது. அதாவது எல்லா அழுக்கையும் முதலில் சந்திப்பது அந்த நெருக்கமான பஞ்சு. வாலிஸ்நேரியாச் செடியின் இலைத் துணுக்கு, மீன் கழிவு, மிச்சத் தீனி எல்லாம் அதில் படிந்து இரண்டே நாளில் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடியில் பெருந்துளை ஸ்பாஞ்சு, நடுவில் செராமிக் ரிங், உச்சியில் மெல்லிய அடுக்காகப் பஞ்சு என்று மாற்று. பஞ்சைக் கழுவிக் கழுவிப் போடாதே, அது மலிவு, மாற்றிவிடு. ஸ்பாஞ்சையும் ரிங்கையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசு, குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் குளோரின் இருந்தால் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அந்த பாக்டீரியாதான் மீன் விடும் அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றுகிறது. எல்லாக் கூடையையும் ஒரே நாளில் பளபளப்பாக்கும் ஆசையையும் விடு. இந்த வாரம் ஸ்பாஞ்சு, இன்னும் இரண்டு வாரம் கழித்து ரிங் என்று பிரித்துக்கொள்.

இதையெல்லாம் செய்த பின் அளந்து பார்க்க வேண்டும். எனக்குக் கண்மதிப்பில் நம்பிக்கையே கிடையாது. டெஸ்டிங்கில் எத்தனை பேர் "தண்ணி கம்மியா வருது மேடம்" என்று பம்பைத் திருப்பி அனுப்புவார்கள் தெரியுமா? பெஞ்சில் ஏற்றினால் பம்ப் சரியாக இருக்கும், அவர்கள் வீட்டுக் குழாயில்தான் குறை. 10 லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக்கொள். வெளிவரும் ஹோஸை அதில் விட்டு, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார். 36,000-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 50 வினாடி என்றால் 720 லிட்டர். வாளியைத் தரையில் வைத்து அளக்காதே. தொட்டித் தண்ணீர் தானாகக் கீழே இறங்கும் வேகமும் சேர்ந்துகொள்ளும், கணக்குப் பொய்யாகிவிடும். தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கே வாளியின் வாய் இருக்கும்படி ஒரு ஸ்டூல்மேல் வை. அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல், வீட்டில் சும்மாதானே இருக்கிறார்.

ஃபில்டர் வந்த அட்டைப் பெட்டியில் மணிக்கு 1200 லிட்டர் என்று போட்டிருப்பதை நினைத்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. அது உள்ளே ஒன்றும் இல்லாத காலி ஃபில்டரின் கணக்கு. ஸ்பாஞ்சும் ரிங்கும் நிரப்பிவிட்டால் அதில் பாதியோ, கொஞ்சம் மேலேயோ வந்தாலே அது நல்ல ஃபில்டர். உன் நாலடித் தொட்டியில் 230 லிட்டர் பிடிக்குமா? 700 வந்தால் மணிக்கு மூன்று முறை முழுத் தொட்டியும் சுற்றிவிடும். ஏஞ்சல் மீனுக்கு அதுவே போதும். தட்டை உடம்பை வைத்துக்கொண்டு வேகமான தண்ணீரில் அது படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பெரிய ஃபில்டர் வாங்காதே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு 500-க்குக் கீழே நின்றால் மூன்று கூடையையும் வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, காலிப் பெட்டியாக ஓட்டி மறுபடி அள. குபுகுபுவென்று வந்தால் குறை கூடையில். அப்போதும் மந்தம் என்றால் ஹோஸிலோ இம்பெல்லரிலோ. இந்த ஒரு சோதனையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும், ஆனால் இதை யாருமே செய்வதில்லை. வெளிவரும் ஹோஸின் நுனியில் தண்ணீரைப் பீய்ச்சும் ஸ்ப்ரே பாரையும் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்துவிடு. அந்தச் சின்ன ஓட்டைகளில் பாசி அடைத்திருக்கும், குட்டி நத்தைகளும் குடியிருக்கும்.

ஹோஸை வாங்கிய நாளிலிருந்து கழுவியதே இல்லை என்று எழுதியிருக்கிறாய். உள்ளே பழுப்பாக ஒரு வழவழப்பு படிந்திருக்கும். 16 மில்லிமீட்டர் ஹோஸில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் படிந்தால் மிஞ்சுவது 14. பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அதே அளவு தண்ணீரைத் தள்ள உராய்வு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். விட்டம் குறையும்போது உராய்வு ஐந்தாம் அடுக்கில் ஏறும் என்று நமக்குப் பாடம் நடத்தினார்களே, நீ பின் பெஞ்சில் தூங்கினாய். நீளக் கம்பியில் பிரஷ் வைத்தது மீன் கடைகளில் கிடைக்கும், வாங்கி இரண்டு பக்கமிருந்தும் தேய். ஹோஸை மூடித் திறக்கும் வால்வையும் பார்த்துக்கொள், முக்கால் திறந்து நிற்பதை முழுசாகத் திறந்ததாக நினைத்துக்கொள்வோம்.

கடைசியாக இம்பெல்லர். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். அதை வெளியே இழுத்து, காந்தம் உட்காரும் குழியைப் பழைய டூத் பிரஷால் தேய். உங்கள் அம்பத்தூர் போர் தண்ணீர் கடினம், வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ ஊறவைத்தால் விட்டுவிடும், பிறகு நன்றாக அலசிவிடு. இங்கே எனக்கு ஆற்றுத் தண்ணீர், அந்தத் தொல்லை இல்லை. பொறாமைப்படு. இறக்கைகளைக் காந்தத்தோடு பிடித்துத் திருகிப் பார். அரைச் சுற்று லேசாக ஆடினால் பயப்படாதே, பல மாடல்களில் மோட்டார் கிளம்புவதற்காகவே அப்படி வைத்திருப்பார்கள். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கழன்றுவிட்டது என்று அர்த்தம். காந்தம் 3000 சுற்றும், இறக்கை பாட்டுக்கு இருக்கும். செராமிக் தண்டில் கீறல் இருக்கிறதா என்றும் பார், கை தவறினால் பட்டென்று ஒடியும் பொருள் அது. புதிது வேண்டுமென்றால் கொளத்தூர் உனக்குப் பக்கம்தானே, மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய இம்பெல்லரைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தண்டின் தடிமன் மாறும்.

இன்னொன்று. இனி மழைக்காலம் வரும், கரண்ட் மணிக்கணக்கில் போகும். நெடுநேரம் நின்ற ஃபில்டரை அப்படியே ஓட்டிவிடாதே. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் வாடையடிக்கும் தண்ணீர் நிற்கும், அது நேரே மீன்மேல் போய்விழும். திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கூடைகளைத் தொட்டித் தண்ணீரில் அலசி ஓட்டு.

வருகிற தையில் சரோஜா மகள் கல்யாணம் ஈரோட்டில். பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். இரண்டு நாள் முன்னாலேயே இங்கே வந்துவிடு, சேர்ந்து போகலாம். அதற்கு முன் அளந்த கணக்கை எழுதி அனுப்பு. ஸ்ப்ரே பாரோடு எத்தனை வினாடி, அது இல்லாமல் எத்தனை, காலிப் பெட்டியாக எத்தனை. மூன்றும் வேண்டும்.

அன்புடன்,
உன்
கோகிலா