கடைசி பெஞ்சிலிருந்து செண்டாய்க்கு

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

அன்பு கயல்,

சாயங்காலம் போனில் நீ சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "சரி, யோசிப்போம்" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் அப்பா இருந்தார், ஆச்சி வேறு "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். இப்போது எல்லாரும் தூங்கியாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் தட்டினால் நாலாவது வரியில் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால்தான் பேனா. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், தாள் பார்சலோடு வரும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ஜப்பானில் உன் வேதியியல் படிப்புக்கு அக்டோபரில் நாலாம் வருடம். ஏதாவது ஓர் ஆய்வகத்தில் சேர வேண்டும். உனக்குப் பிடித்த ஆய்வகத்தில் வாராந்தரக் கூட்டம், சீனியர்களின் பேச்சு, எல்லாமே ஜப்பானிய மொழி. இன்னொரு ஆய்வகத்தில் ஆங்கிலத்திலேயே ஓட்டிவிடலாம், ஆனால் அங்கே நடக்கும் வேலையில் உனக்கு ஆசை இல்லை. ஆகவே ஆசையில்லாத இடத்தில் ஒரு வருடத்தைத் தள்ளி, பட்டத்தை வாங்கிக்கொண்டு, மேல்படிப்புக்கு ஜெர்மனி மாதிரி வேறு எங்காவது போகலாம் என்கிறாய்.

ஜெர்மனி போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீ சொன்ன காரணம்தான் ராத்திரி பதினொரு மணிக்கு என்னை உட்கார வைத்திருக்கிறது.

உன்னைச் செண்டாய்க்குக் கொண்டுவந்து விட்ட அந்தப் பத்து நாளில் நீ வார்டு அலுவலகம், வங்கி, இன்சூரன்ஸ் என்று அலைந்துகொண்டிருந்தாய். பதினாலு நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்ற பதற்றம் உனக்கு. நான் தனியாகச் சுற்றினேன். உன் தொஹோகு பல்கலைக்கழகத்தின் கதாஹிரா வளாகத்தில் ஒரு பழைய மரக்கட்டடம், லூ சுன் படித்த வகுப்பறையாம். உள்ளே போகவில்லை, வெளியில் நின்று பார்த்தேன். சீனாவின் அவ்வளவு பெரிய எழுத்தாளர், 1904இல் மருத்துவம் படிக்க அந்த ஊருக்கு வந்த ஒரு வெளிநாட்டு மாணவர், அவ்வளவுதான். புஜினோ என்ற உடற்கூறியல் ஆசிரியர் வாராவாரம் அவருடைய நோட்டை வாங்கி, விட்டுப்போன பாடத்தை மட்டுமல்ல, மொழிப் பிழைகளையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பாராம். இத்தனைக்குப் பிறகும் அவர் 1906இல் மருத்துவத்தை விட்டுவிட்டு எழுதப் போய்விட்டார். போனவர், பின்னாளில் பெய்ஜிங்கில் தன் வீட்டுச் சுவரில் அந்த ஆசிரியரின் படத்தை மாட்டி வைத்திருந்தார். போவதென்றால் அந்த மாதிரிப் போ என்கிறேன். அவரை வேறொன்று இழுத்தது, போனார். மொழி மிரட்டியதால் போகவில்லை.

உன் பல்கலைக்கழகம்தான் 1913இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதுவரை ஜப்பானில் எந்தப் பேரரசுப் பல்கலைக்கழகமும் அதைச் செய்ததில்லை. இதென்ன வழக்கமில்லாத வழக்கம் என்று கல்வி அமைச்சகம் விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டது, தொஹோகு அசையவில்லை. மூவரில் இரண்டு பேர் வேதியியல். அதில் சிகா குரோதா ஊதா நிறச் சாயம் தரும் ஒரு வேரை எடுத்து, அந்த நிறத்தின் மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடித்தார். இந்தக் கதையை வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். "எங்க மகளும் அங்கதான் படிக்கிறா" என்று கடைசியில் சேர்த்துக்கொள்வேன். கொஞ்சம் பெருமைதான், இருக்கட்டும்.

முதல் வருடம் கவாவுச்சி வளாகத்தில் வரலாறு, தத்துவம் என்றெல்லாம் பாடம் எடுக்கச் சொன்னபோது எவ்வளவு புலம்பினாய்! "கெமிஸ்ட்ரி படிக்க வந்தவளுக்கு இது எதுக்கும்மா?" என்றாய். அப்புறம் நீயேதான் "சோகோ தைகாகு" என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தாய். எல்லாத் துறையும் ஒன்றாக இருக்கும் பல்கலைக்கழகம். மருத்துவம் மட்டும், தொழில்நுட்பம் மட்டும் என்று தனித்தனியாக நடத்தும் பல்கலைக்கழகங்களும் அங்கே இருக்கின்றன. நீ அப்படிப்பட்ட ஒன்றில் சேரவில்லை. 2002இல் வேதியியல் நோபல் வாங்கிய கொய்ச்சி தனாகா உன் பல்கலைக்கழகத்தில் படித்தது மின்பொறியியல். முனைவர் பட்டம்கூட இல்லை. கம்பெனி ஆய்வகத்தில் தவறுதலாகக் கிளிசரினைக் கோபால்ட் பொடியில் ஊற்றிவிட்டு, வீணாக்க மனசில்லாமல் அதையே வைத்துச் சோதித்துப் பார்த்தவர். நம் மொட்டைமாடியில் இருந்த அந்த ஆண்டெனாவும் அங்கே பிறந்ததுதான். 1926இல் யாகியும் உதாவும் செய்தது. கம்பியை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்து ரூபவாஹினி பார்த்துக்கொண்டிருந்தோம். உன் அப்பா மேலே ஏறித் திருப்ப, நான் கீழே நின்று "வந்துருச்சு, வந்துருச்சு... போச்சு" என்று கத்துவேன். உழைத்ததில் பெரும்பங்கு உதாவுடையது, உலகம் ஆண்டெனாவுக்கு யாகி பெயரை வைத்துவிட்டது. அது தனிக் கதை.

சரி, மொழிக்கு வருகிறேன்.

நீ ஜப்பானிய மொழியை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறாய். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, வேறு வழியில்லை. ஆனால் கணக்கை மனதுக்குள் தமிழில் போட்டுப் பார். போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது உன் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். "தபேத்தே மித்தே" என்பதை விளக்க அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். நமக்கு அது "சாப்பிட்டுப் பார்", அவ்வளவுதான். "மிரு" என்றால் பார். சாப்பாட்டைக் கண்ணால் ஏன் பார்க்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் குழம்புவான், நாம் குழம்ப வேண்டாம். "வசுரேத்தே ஷிமாத்தா" என்றால் மறந்துவிட்டேன், அந்த "விட்டேன்" உட்பட. "கத்தே ஒக்கு" என்றால் வாங்கி வை. அங்கேயும் வினைதான் கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டுகிறது. கோரே, சோரே, ஆரே, தோரே என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயே, அது இது, உது, அது, எது. நாம் உதுவைத் தொலைத்துவிட்டோம், யாழ்ப்பாணத்தில் இன்னும் சொல்கிறார்கள்.

இரண்டும் ஒரே குடும்பம் என்று ஓனோ சுசுமு என்ற பேராசிரியர் பல வருடம் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் "இத்தே கிமாஸ்" என்கிறார், போயிட்டு வர்றேன். உள்ளே இருப்பவர் "இத்தேராஷாய்" என்கிறார், போயிட்டு வா. வெறுமனே "போறேன்" என்றால் ஆச்சி எப்படி முறைப்பாள் என்று உனக்குத் தெரியும். உன் வகுப்பில் இருக்கும் ஜெர்மன்காரச் சிநேகிதியைவிட நீ இந்த மொழிக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறாய், அது உனக்கே தெரியவில்லை. சீனத்திலிருந்து வந்த அந்தக் கஞ்சி எழுத்து கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேதியியலில் அதுவும் கொஞ்சம் கைகொடுக்கும். ஹைட்ரஜனுக்கு நீர் என்ற எழுத்து, கார்பனுக்குக் கரி என்ற எழுத்து. நைட்ரஜனுக்கு மூச்சுத் திணறல்! உதகாவா யோவான் என்பவர் 1837லேயே புத்தகம் போட ஆரம்பித்து இந்தப் பெயர்களை வைத்துவிட்டார். அங்கே ஒரு புத்தகக் கடையில் முனைவர் பட்ட அளவு வரைக்கும் வேதியியல் புத்தகங்கள் அவர்கள் மொழியிலேயே அடுக்கியிருந்ததைப் பார்த்து, நான் கொஞ்ச நேரம் அந்த அலமாரிப் பக்கமே நின்றேன். நீ டேக்ஸ் ஃப்ரீ கவுண்டரைத் தேடிக்கொண்டிருந்தாய்.

இன்னொன்று, வேதியியல் டீச்சராகச் சொல்கிறேன். எந்த ஆய்வகம் ஆனாலும் பாட்டில் மேல் எழுதியிருப்பது ஜப்பானிய மொழி. பின்னாலிருந்து ஒரு சீனியர் "அபுனாய்!" (ஆபத்து!) என்று கத்தினால், அதை மனதுக்குள் மொழிபெயர்த்து முடிக்கும்வரை அமிலம் காத்திருக்காது.

இனி எழுதப்போவது அப்பாவுக்கே தெரியாது.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. கல்லூரியில் முதல் நாள் வேதியியல் எடுத்த அம்மா "ஈக்விலிப்ரியம்" என்று ஆரம்பித்தார். வேதிச் சமநிலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, மாவட்ட அளவில் மார்க் வாங்கியவள். ஆனால் அவர் பேசுவது அதைத்தான் என்று தெரியவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கடைசி பெஞ்சுக்குப் போனேன். கேள்வி கேட்டால் விடை நெஞ்சு வரை வரும், தமிழில். வாய் திறக்கவில்லை. ஒரு வருடம் அல்ல, மூன்று வருடம். எம்.எஸ்சி.யில் கொஞ்சம் தேறினேன், மார்க்கும் வந்தது. காரைக்குடியில் ஓர் ஆய்வு நிலையத்தில் திட்ட உதவியாளர் வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்தது. மின்வேதியியல், என் உயிர். பஸ்ஸுக்குத் தாத்தா காசு கொடுத்தார். பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் ஆங்கிலத்தில் என்ன கேட்பார்கள் என்று யோசித்து யோசித்து, இரண்டு காரைக்குடி பஸ்ஸை விட்டேன். திரும்பி வந்து, நேர்காணல் முடிந்தது, கிடைக்கவில்லை என்று தாத்தாவிடம் சொன்னேன். அவர் சாகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தார். அப்புறம் பி.எட்., பள்ளிக்கூடம், கல்யாணம், நீ.

டீச்சர் வேலை எனக்குப் பிடிக்கும். இதை ஒரு துக்கக் கதையாக எடுத்துக்கொள்ளாதே. போயிருந்தால் ஆங்கிலம் தெரியவில்லை என்று அவர்களே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லையே, நானாக அல்லவா திரும்பினேன்? அதுதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். பிடித்த ஆய்வகத்து சென்செய்யை, அதுதான் அந்தப் பேராசிரியரை, போய்ப் பார். மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு, தப்பும் தவறுமாக ஜப்பானிய மொழியிலேயே பேச ஆரம்பி. என் ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கலாமா, பேச்சு ஜப்பானியத்தில் முயற்சி செய்கிறேன், முதல் ஆறு மாதம் யாராவது ஒரு சீனியர் எனக்குத் துணையாக இருப்பாரா என்று கேள். முடியாது என்று அவர் சொன்னால் சரி, ஆங்கில ஆய்வகம் இருக்கிறது, ஜெர்மனியும் இருக்கிறது. அவர் சொல்லட்டும். அவர் சொல்ல வேண்டியதை நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. வருடத்துக்கு 5,35,800 யென், உனக்குப் பாதி தள்ளுபடி. இங்கே தனியார் கல்லூரியில் கேட்பதைவிட அது ஒன்றும் அதிகமில்லை. பேக்கரி வேலையை வாரம் 28 மணி நேரம் என்ற வரம்புக்குள் வைத்துக்கொள், ஆய்வகம் தொடங்கியதும் இன்னும் குறை. இருபது வயதில் உனக்கு ஓய்வூதியச் சந்தா நோட்டீஸ் வந்ததைச் சொல்லி அப்பா இன்னும் சிரிக்கிறார். மாணவர்களுக்கான சலுகைக்கு இந்த வருடமும் விண்ணப்பித்தாயா? வருடா வருடம் கொடுக்க வேண்டும் என்றாயே. வெளிநாட்டவருக்கு வீடு இல்லை என்று போனிலேயே வைத்த அந்தத் தரகரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ரெய்கின் என்று ஒரு மாத வாடகையை வாங்கித் திருப்பித் தராததையும் மன்னிக்கவில்லை. நம் ஊர் அட்வான்ஸாவது, சண்டை போட்டால் திரும்ப வரும்.

பார்சலில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சுக்கு இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை கேட்டிருந்தாய். சான்றிதழ் இல்லாமல் பச்சை இலை உள்ளே போகாதாம், காயவைத்துப் பொடித்திருக்கிறேன். மாசிக் கருவாடு வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடைகளில் மரச்சீவல் மாதிரி விற்கும் அந்தக் கட்சுவோபுஷி அதே சூரை மீன்தானே, அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. ஆச்சி நம்பவில்லை. "ஜப்பான்காரனுக்கு மாசி எப்படித் தெரியும்?" என்கிறாள். போன இலையுதிர் காலத்தில் ஹிரோசே ஆற்றங்கரையில் உங்கள் வகுப்பு சேப்பங்கிழங்குக் குழம்பு வைத்த போட்டோவை அவளிடம் காட்டினேன். புளி ஊற்றாமல் எப்படிச் சேம்பு அரிக்காமல் இருக்கும் என்று கேட்கச் சொன்னாள். பதில் வேண்டுமாம், மறக்காதே.

புதன்கிழமை இங்கே ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், உனக்கு ஒன்பதரை. அதற்குள் அந்த மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் எனக்கு அனுப்பிக் காட்டு. திருத்த மாட்டேன், எனக்கு அந்த மொழி தெரியாது.

அம்மா