இழப்பீடு கட்டினீர்கள், மருத்துவக் கவுன்சிலுக்கு ஏன் தெரிவிக்கவில்லை?

அனுப்புநர்: குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிதாரர், மதுரை.
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், மண்டல அலுவலகம்.

பொருள்: மருத்துவ அலட்சிய வழக்கின் முடிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க மறுத்தது குறித்து.

ஐயா / அம்மையீர்,

பித்தப்பைக் கல்லுக்காக என் தாயாருக்கு நடந்த லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி) அறுவைச் சிகிச்சையில் பித்தநாளம் வெட்டுப்பட்டது. பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்து காய்ச்சலில் துடித்தவரை, வாயுத் தொல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறொரு மருத்துவமனையில் மறுபடி வயிற்றைத் திறந்துதான் அவரைப் பிழைக்க வைத்தார்கள். நடந்தது அலட்சியமே என்று மாவட்ட நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. அந்த மருத்துவரின் தொழில் பொறுப்புக் காப்பீடு உங்களிடம் இருந்ததால் இழப்பீட்டை நீங்களே கட்டினீர்கள். பணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

மருத்துவர்களைப் பதிவு செய்வதும், தவறினால் நடவடிக்கை எடுப்பதும் மருத்துவக் கவுன்சில்தான். இந்தத் தீர்ப்பை அதற்கு அனுப்பினீர்களா என்று கேட்டேன். அனுப்பச் சொல்லிச் சட்டம் இல்லை, வாடிக்கையாளர் விவரம் ரகசியம் என்று பதில் எழுதினீர்கள். அடுத்து என் பாலிசி புதுப்பிப்புடன் கேஷ்லெஸ் மருத்துவமனைப் பட்டியல் வந்தது. அதில் அதே மருத்துவமனை. அதே மருத்துவர் இன்றும் அங்கே அறுவைச் சிகிச்சை செய்கிறார். உங்கள் ஒரு பிரிவு அவர் தவறுக்குப் பணம் கட்டுகிறது. இன்னொரு பிரிவு எங்களை அவரிடமே அனுப்புகிறது. இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

எங்களிடம் பாலிசி எழுதும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவைச் சிகிச்சை என ஒன்றையும் விடாமல் கேட்கிறீர்கள். மறைத்தால் க்ளெய்ம் கிடையாது என்கிறீர்கள். அத்தனை கறாரான நிறுவனம் மருத்துவர் விஷயத்தில் மட்டும் வாய் திறக்காதது நியாயமில்லை. ஆணையத்தின் தீர்ப்போ யாரும் பார்க்கக்கூடியது.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருத்துவர் தகவல் வங்கி 1990 முதல் இயங்குகிறது. மருத்துவருக்காக இழப்பீடு கட்டும் காப்பீட்டு நிறுவனம், தொகை எவ்வளவு சிறிதானாலும், 30 நாட்களுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைகள் ஒருவரைச் சேர்க்கும்போதும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அந்தப் பதிவைப் பார்த்தாக வேண்டும். மருத்துவரின் பெயரோடு அது பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. பணம் கட்டியதாலேயே தவறு நிரூபணமானதாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மருத்துவர் தன் விளக்கத்தையும் பதிவில் சேர்க்கலாம். ரகசியமும் நியாயமும் கெடாமல் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன் 30-ஆவது பிரிவின்படி நோயாளி தரப்பே கவுன்சிலில் புகார் கொடுக்கலாம் என்பீர்கள். நாங்கள் கொடுத்துவிட்டோம். ஆனால் வழக்கு தீர்ப்புவரை போகாமல் சமரசத்தில் முடித்துக்கொண்ட குடும்பங்கள்? அவர்களில் பலர் களைத்துப்போய் ஒதுங்கிவிடுவார்கள். ஒரே மருத்துவர் மீது எத்தனை க்ளெய்ம் வந்தது என்பது உங்கள் கோப்புகளில் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் வழக்கின் தீர்ப்பையும் இழப்பீட்டு விவரத்தையும் உடனே கவுன்சிலுக்கு அனுப்புங்கள். அந்த மருத்துவமனையைப் பட்டியலில் வைத்திருப்பதை மறுபரிசீலனை செய்யுங்கள். இனி மருத்துவர்களுக்கு எழுதும் ஒவ்வொரு பொறுப்புப் பாலிசியிலும், அலட்சியம் எனத் தீர்ப்பான வழக்குகளும் சமரசத் தொகைகளும் கவுன்சிலுக்குத் தெரிவிக்கப்படும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; பாலிசி வாசகத்தை எழுதுவது நீங்கள்தான்.

பதிலைக் கையொப்பமிட்ட கடிதமாக எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்

நகல்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத்.