என்ஜினைக் கட்டிவிட்டீர்கள், ஓட்டும் ஆட்களையும் உருவாக்குங்கள்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், சேலம் கோட்ட மேலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். நீலகிரி மலை ரயில் பற்றிய கடிதம் என்றதும் டிக்கெட், கூடுதல் பெட்டி, சீசன் கூட்டம் பற்றிய கோரிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். அவற்றை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, அந்த ரயிலைக் குன்னூர் வரை தள்ளி ஏற்றும் நீராவி என்ஜினில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி. அவர்களுக்கு அடுத்து அந்த இடத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்பது பற்றி.

முதலில் ஒரு நன்றி. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 தொடங்கி 1952 வரை பல தவணைகளாகச் செய்து அனுப்பப்பட்ட எக்ஸ் வகை என்ஜின்களுக்கு வயதாகிவிட்டது. அதே வகை என்ஜினை நம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை புதிதாகவே கட்டிக் காட்டியது. 2010களில் எண்ணெயில் எரியும் என்ஜின்கள் வந்தன. 2021இல் நிலக்கரி என்ஜினும் வந்தது. பல்சட்டத்தை, அதாவது பற்கள் வைத்த இரும்புச் சட்டத்தை, பற்சக்கரத்தால் பற்றி ஏறும் நீராவி என்ஜினை இந்தக் காலத்தில் புதிதாகச் செய்யத் துணிகிற பணிமனை உலகத்திலேயே அரிது. பொன்மலைக்காரர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் அங்கே வரைபடமும் பழைய என்ஜினும் கண்ணெதிரே இருந்தன. ஓட்டுகிறவரின் கைப்பழக்கத்தை அப்படிப் பார்த்துச் செய்ய முடியாது. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பக்கத்தில் நின்று பழகித்தான் வர வேண்டும்.

ஒரு காலத்தில் இதற்குக் கவலையே இருந்ததில்லை. விழுப்புரம், மதுரை என்று மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) என்ஜின் ஷெட் இருந்த ஊரெல்லாம், என்ஜினின் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன்கள் இருந்தார்கள். கிளீனராகச் சேர்ந்து சாம்பல் அள்ளி, பிறகு ஃபயர்மேனாகி, பல வருடம் நெருப்பைப் பார்த்த பிறகுதான், சிலிண்டருக்குப் போகும் ஆவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரில் கை வைப்பார்கள். 1995 கடைசியில் அகலப்பாதையில் நீராவி நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் மீட்டர்கேஜிலும் நின்றது. அன்று இருபத்தைந்து வயது இளைஞராக இருந்த ஃபயர்மேனும் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். இனி குன்னூருக்கு வரும் இளைஞர் டீசலையும் மின்சார என்ஜினையும் மட்டும் படித்தவராகத்தான் இருப்பார். அவர் திறமைக்குக் குறையில்லை. ஆனால் மலையில் அவருக்கு முன் நிற்பது வேறு வேலை.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பல்சட்டம் தொடங்குகிறது. வேகத்தை நன்றாகக் குறைத்து, என்ஜினின் பற்சக்கரம் இடறாமல் பல்லில் பொருந்தும்படி உள்ளே விட வேண்டும். அதுவரை உயர் அழுத்த சிலிண்டர்கள் இரண்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பல்சட்டத்தில் ஏறியதும், அவற்றில் வேலை முடித்த ஆவியே தாழ்அழுத்த சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். பெயருக்கு ஒரு என்ஜின், ஓட்டுகிறவருக்கு இரண்டு. இரண்டையும் ஒருசேரக் கவனித்தபடி பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் மணிக்கு 13 கிலோமீட்டருக்குள் ஏற்ற வேண்டும்.

ஃபயர்மேனின் பாடு இன்னும் நுணுக்கமானது. எண்ணெய் என்ஜினில் அவர் அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பது புகைபோக்கியைத்தான். கருகருவென்று புகை வந்தால் எண்ணெய் அதிகம். வெள்ளையாக வந்தால் காற்று அதிகம். ஏற்றத்தில் டிரைவர் ரெகுலேட்டரைச் சற்றுத் திறக்கும் அதே நொடியில் எண்ணெய் வால்வையும் திருகியாக வேண்டும். பாய்லருக்குள் புகை போகும் ட்யூப்களில் கரி படிந்தால், ஓட்டத்திலேயே நெருப்பு எரியும் அறையான ஃபயர்பாக்ஸுக்குள் ஒரு கை மணலை விட்டு ஆவியின் இழுப்பில் அரித்து வெளியேற்றுகிற வழக்கம் எண்ணெய் என்ஜின்களில் உண்டு. இதற்கெல்லாம் அளவுகோல் கண்ணும் காதும்தான்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர். சரிவில் பாய்லருக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கண்ணாடிக் குழாய் காட்டும் மட்டம், சரிவு குறைகிற இடத்தில் வேறாகிவிடும். ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு தண்ணீருக்கு வெளியே வந்தால் தகடு பழுக்கக் காய்ந்து இளகும். பாய்லர் விபத்துகள் பலவற்றின் தொடக்கம் அதுதான். ஹில்குரோவில் தண்ணீர் பிடித்த பிறகு எந்த வளைவுக்கு முன்னால் பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறக்க வேண்டும் என்பது அந்தப் பாதையில் திரும்பத் திரும்பப் போனவருக்குத்தான் தெரியும்.

பெட்டிகளில் நின்று பிரேக் பிடிக்கும் பிரேக்ஸ்மேன்களை யாரும் மறந்துவிடக் கூடாது. ஏறும்போது என்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னே பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கிறவர்தான் அவருடைய கண். பாறை விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்து அவர் காட்டும் கொடியைப் பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன்கள் வாங்கிப் பின்னால் கடத்துகிறார்கள். அவர்கள் கையில் இரண்டு பிரேக்குகள்: ஒன்று சக்கரத்துக்கு, மற்றொன்று பல்சட்டத்தில் ஓடும் பற்சக்கரத்துக்கு. மழையிலும் மூடுபனியிலும் திறந்த மேடையில் நின்று செய்கிற வேலை. சுற்றுலாப் பயணிகள் அவர்களைக் கொடி அசைப்பவர் என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

2005இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தண்டவாளமும் பாலமும் எந்த அளவுக்குப் பாரம்பரியமோ, இந்த வேலையும் அந்த அளவுக்குப் பாரம்பரியம் என்றே நான் கருதுகிறேன். பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுத் தாலிலின் ரயில்வேயை 1951இல் தன்னார்வலர்கள் கையில் எடுத்தார்கள். அங்கெல்லாம் இன்றும் புதிதாக வருகிறவர் துணியும் எண்ணெயுமாக என்ஜின் துடைப்பதில்தான் தொடங்குகிறார். பிறகு ஃபயர்மேன், பிறகு டிரைவர். படிக்குப் படி சோதனை. அந்த ஏணி இருப்பதால்தான் நீராவியையே கண்டிராத தலைமுறையிலிருந்தும் அங்கே ஆள் கிடைக்கிறது. நம்மிடம் தன்னார்வலர் முறை ஒத்துவராமல் போகலாம். ஏணி ஒத்துவரும்.

ஆகவே என் வேண்டுகோள்: குன்னூரில் ஒரு நீராவிப் பயிற்சிப் பள்ளி தொடங்குங்கள். மலை ரயிலுக்கென்று தனிப் பிரிவு அமைத்து, விரும்பி வருகிறவர்களைச் சேர்த்து, பழகிய பிறகு சமவெளிக்கு மாற்றாமல் அங்கேயே பதவி உயர்வு கொடுங்கள். இல்லையென்றால் மற்ற எதுவும் பயன் தராது. நன்கு தேறிய ஒருவரை வேறு டெப்போவுக்கு அனுப்பினால் பல வருடப் பழக்கம் அவரோடு மலையிறங்கிவிடும். பிரேக்ஸ்மேன் வேலைக்கும் முறையான பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். பெண்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கட்டும்.

ஆசிரியர்களைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஓய்வுபெற்ற டிரைவர்களையும் ஃபிட்டர்களையும் மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் கையேடாக்குங்கள். செய்வதைக் கிலோமீட்டர் வாரியாகப் படம்பிடியுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது, தள்ளிப்போட நேரமில்லை.

முதல் வகுப்பைக் குன்னூர் லோகோ ஷெட்டிலேயே, பாய்லரை ஆறவிட்டுக் கழுவுகிற ஒரு நாளில் வைக்கலாம். பயிற்சிக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக ஃபயர்பாக்ஸுக்குள் இறக்கி, அந்தக் கூரைத் தகட்டைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்ல அதைவிட நல்ல நாள் அமையாது.

அன்புடன்,
குன்னூர்வாசி ஒருவன்