பதிமூன்றாவது சொம்பு

சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், வழியில் பேர்கூடச் சொல்லாமல் கைகொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

திருச்சியிலிருந்து எங்கள் வண்டியிலேயே கிளம்பிய நாங்கள் இன்று மாலை காசிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நாளைக் காலை அப்பாவுக்குத் திதி. அண்ணன் முன்பே ரயிலில் வந்து காத்திருந்தான். அம்மா சத்திரத்தில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, மூன்று நாளுக்கப்புறம் இன்றைக்குத்தான் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். வழியில் கிளட்ச் போய் வண்டி இரண்டு நாள் நின்றுவிட்டது, எங்கே நின்றோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு கண்விழித்தவர்கள். அதையெல்லாம் மறுபடி எழுதவில்லை. மனசு ஆறிப்போவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவரைப் பற்றி மட்டும் நான் உங்களில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கே புரியவும் இல்லை.

மத்தியப் பிரதேசத்தில், சப்பாராவில் வைன்கங்கை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, லக்னாதோன் போவதற்குள் வண்டி நின்றதல்லவா? தாபா பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளி, நாலுவழிச் சாலையிலிருந்து ஒரு கிராமத்துக்குப் பிரியும் மண்பாதையில், பெரிய மரம் ஒன்றின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கும்மிருட்டு. என்ன மரம் என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி முழுக்க வண்டிக் கூரைமேல் பொத், பொத் என்று சத்தம். மழையோ என்று நினைத்தேன். மழை இப்படி ஒவ்வொன்றாக எண்ணி எண்ணியா விழும்? பிள்ளைகள் இரண்டையும் அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நாலு மணி வாக்கில் வெளியே காலடிச் சத்தம், டார்ச் வெளிச்சம். வீட்டுக்காரர் ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், கூடையோடு ஒரு வயசான அம்மா. கூடவே பத்து வயசில் ஒரு பேத்தி. இரண்டு பேரும் குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் சுதாரிப்பதற்குள் அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தபடி நின்றாள். எங்கள் வண்டியில் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, கழிப்பறை கிடையாது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் தண்ணீரே குடிக்காமல் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுபத்தொரு வயசு மனுஷி விடியாத நேரத்தில் எதைத் தேடி நிற்கிறாள் என்று இன்னொரு பெண்ணுக்குச் சொல்லவா வேண்டும்? அந்தப் பாட்டி கூடையைக் கீழே வைத்தார். வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். ஒரு வார்த்தை இல்லை. டார்ச்சைப் பேத்தியிடம் கொடுத்து முன்னால் நடக்கவிட்டு, கூட்டிக்கொண்டு போய்விட்டார். பதறிப்போய் நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் வீட்டுக்குப் பின்னால் தட்டி வைத்து மறைத்த இடம். விறகடுப்பில் வெந்நீர். அம்மாவுக்கு ஒரு சொம்பில் குடிக்கத் தண்ணீர். அந்த இரண்டு நாளும் அம்மா குளிக்காமல் இருக்கவில்லை. விபூதி பூசாமல் இருக்கவில்லை.

விடிந்ததும் கூடையைப் பார்த்த அம்மா, "அடியே, இது இலுப்பைப் பூடி!" என்றாள். அம்மா பிறந்தது இலுப்பூர். பாட்டி ஊர்ப் பக்கம் அந்தப் பூவுக்கு மஹுவா என்று பெயர். வெள்ளையில் லேசாக மஞ்சள் ஓடிய, கோலிக்குண்டு அளவுள்ள சதைப்பற்றான பூ. பாட்டி ஒரு கை அள்ளிக் கொடுத்தார். வாயில் போட்டால் முதலில் தித்திப்பு, அப்புறம் லேசாகப் புளித்த ஒரு வாசனை. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரைன்னு வாயால சொல்லியிருக்கேன், தின்னு பார்த்தது இன்னிக்குத்தான்" என்று அம்மா சிரித்தாள். வண்டி நின்றதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பாட்டியும் பேத்தியும் இரண்டு பழைய சேலைகளோடு வந்தார்கள். பேத்தி கூரைமேல் ஏறி அவற்றை விரித்து, முனைகளைக் கண்ணாடியிலும் ஏணியிலும் கட்டினாள். எங்களுக்குக் குளிராமல் இருக்கப் போர்த்துகிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பினேன். பாட்டியும் சிரித்துக்கொண்டே கைகூப்பினார்.

திருச்செங்கோட்டு ரிக் லாரித் தம்பிகள் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வருஷக்கணக்காக அந்தப் பக்கம் போர்வெல் போடுகிறவர்கள், ஊர்ப் பேச்சு நன்றாகத் தெரியும். "அக்கா, நீங்க நிக்கிறது இந்தம்மாவோட மரத்தடி" என்றான் ஒரு தம்பி. பூ உதிரும் முன்பே மரத்தடியைக் கூட்டி, சருகைக் கொளுத்திக் கரியாக்கி வைப்பார்களாம், கறுப்புத் தரையில் வெள்ளைப் பூ பளிச்சென்று தெரிய. வருஷத்தில் இரண்டு மூன்று வாரம்தான் பூ விழும். அதைக் காயவைத்து விற்றால்தான் கையில் காசு. அந்தக் கறுப்புத் தரைக்கு நட்டநடுவில் எங்கள் வண்டி. டயருக்கு அடியில் நசுங்கிய பூ. கியர் பாக்ஸை இறக்கிய இடத்தில் ஆயில். மேலே விழுவதையாவது பிடிக்கலாமே என்றுதான் அந்தச் சேலை.

முதல் நாளே வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஒரு முகச்சுளிப்பு போதும், எங்களுக்குப் புரிந்திருக்கும். அதுகூட இல்லை. தம்பியை விட்டுப் பணம் கொடுக்கச் சொன்னேன். பாட்டி என் கையை மடக்கிவிட்டு ஏதோ சொன்னார். தம்பி சொன்னான்: "வண்டி என்ன வேணும்னேவா வந்து நின்னுச்சு, பூ நாளைக்கும் விழும்னு சொல்றாங்கக்கா." அன்று ராத்திரி கூரையில் பூ விழுகிற சத்தம் கேட்கவில்லை, சேலை வாங்கிக்கொண்டது. மறுநாள் விடியற்காலை நானும் பிள்ளைகளும் அவர்களோடு குனிந்து பொறுக்கினோம். ஒரு மணி நேரத்தில் என் இடுப்பு விட்டுப்போயிற்று. அந்தப் பாட்டிக்கு அம்மா வயசிருக்கும்.

மற்றவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடனும் சின்னதில்லை. டி.என். நம்பர் பலகையைப் பார்த்ததுமே பிரேக் போட்ட அந்தத் திருச்செங்கோட்டுத் தம்பிகள். அவர்கள் ஒரு போன் போட்டதும் ஜபல்பூரில் கிளட்ச் செட்டை வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்ட, நாங்கள் முகம்கூடப் பார்க்காத இன்னொரு தம்பி. அதைப் பத்திரமாக இறக்கிக் கொடுத்த கண்டக்டர். மண்ணில் மல்லாந்து படுத்தே வேலையை முடித்து, பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காத மிஸ்திரி. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் செய்ததும் வந்து எட்டிப்பார்த்துப் போன ரோந்து வண்டிக்காரர்கள். பிள்ளைகளுக்குக் காரமில்லாமல் பருப்பு தாளித்துக் கொடுத்த தாபாக்காரர். நடுராத்திரியில் பணம் அனுப்பிய சின்ன மாமா. எங்களுக்காக அறையை இரண்டு நாள் தள்ளிப்போட்டுக் கொடுத்த சத்திரத்துப் பெரியவர். உங்கள் எல்லோருக்கும் கோடி நன்றி.

திருச்சியிலிருந்து இங்கே வர 2,000 கிலோமீட்டருக்கு மேல். நம்மூர் வண்டிகள் நிறைய இதே நாக்பூர், ஜபல்பூர் வழியாகத்தான் காசிக்கு வருகின்றன. பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நிழலுக்கு ஒதுங்கும்போது மரத்தடித் தரையைப் பாருங்கள். கூட்டிக் கொளுத்திக் கறுத்துக் கிடந்தால், தயவுசெய்து அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். பத்தடி தள்ளி நிறுத்துங்கள்.

கிளம்பும்போது பாட்டி காய்ந்த பூவை ஒரு துணியில் முடிந்து அம்மா மடியில் வைத்தார். ராமேசுவரத்திலிருந்து கொண்டுவந்த மணல் முடிச்சுக்குப் பக்கத்திலேயே அம்மா அதையும் வைத்துக்கொண்டாள். மணலைப் பிரயாகையில் திரிவேணியில் கரைத்தாயிற்று. பூ முடிச்சு இப்போதும் அவள் தலைமாட்டில் இருக்கிறது.

திரும்பும்போதும் அதே வழிதான். ஊரில் சொந்தங்களுக்குக் கொடுக்க கங்கை நீர் அடைத்த காசிச் சொம்பு பன்னிரண்டு வாங்க வேண்டும் என்று புறப்படும்போதே அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இன்றைக்குப் படுக்கப் போகுமுன் என்னைக் கூப்பிட்டு, பதிமூன்றாக வாங்கு என்றாள்.