பேச்சுவார்த்தைக்கும் ஒரு பாடவேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12-ல் கையெழுத்திட்ட கங்கை நீர் ஒப்பந்தத்துக்கு ஆயுள் 30 ஆண்டு. 2026 டிசம்பரில் அது முடிகிறது. முல்லைப் பெரியாறு தண்ணீரில் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, இங்கேயே மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எந்த ஆற்றைப் பங்கிடும் செய்தியானாலும் எனக்கு அது ஊர்ச் செய்திதான்.

நாடுகளுக்கு இடையிலான தகராறை எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள் என்பதை பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பயிற்சியாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும், அதைக் கேரள எல்லையோரப் பள்ளிகளில் தொடங்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நம் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பட்டிமன்ற மேடையில் ஏற்றிவிட்டால் வெளுத்து வாங்குகிறார்கள். ஆனால் அங்கே பழகுவது எதிரணியை மடக்குவதற்கு. எதிரே இருப்பவருக்கு என்ன தேவை, எதற்குப் பயப்படுகிறார் என்று விசாரித்து அறியும் பழக்கம் அதில் வராது. பேச்சுவார்த்தையில் பாதி வேலை அதுதான்.

பணியில் இருந்தபோது வகுப்பை இரண்டாகப் பிரித்து எகிப்து, இஸ்ரேல் என்று உட்கார வைப்பேன். 1967 போரில் இஸ்ரேல் பிடித்துக்கொண்ட சினாய் தீபகற்பம்தான் பிரச்சினை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு, 'ஆளுக்குப் பாதி' என்று வந்து நிற்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, எதிர்த்தரப்புக்கு அந்த நிலம் ஏன் வேண்டும் என்று மட்டும் எழுதச் சொல்வேன். சொந்தத் தரப்பைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. இஸ்ரேல் பக்கம் இருந்த ஜீப் ஓட்டுநர் மகள் ஒருத்தி, 'அது அவங்க மண்ணு, ஒரு பிடி கொறஞ்சாலும் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது' என்று எழுதினாள். எகிப்து பக்கத்துப் பையன் ஒருவன், 'இவங்களுக்கு மண்ணு பெரிசில்ல, டாங்கி வாசலுக்கு வந்துருமோன்னுதான் பயம்' என்று எழுதினான். இரண்டு தாளையும் சேர்த்து வாசித்ததும் வகுப்புக்கே வழி தெரிந்துவிட்டது. 1978 செப்டம்பரில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் 13 நாள் பேசி எகிப்து அதிபர் சாதத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் வந்து சேர்ந்த இடமும் அதுவே: சினாய் முழுக்க எகிப்துக்கு, ஆனால் எல்லையை ஒட்டிய பகுதியில் எகிப்தின் பெரும்படை நிற்கக் கூடாது. நடுவில் நின்ற அமெரிக்க அதிபர் கார்ட்டர் தரப்பு ஒரே வரைவை இருவரிடமும் மாறி மாறிக் காட்டி, குறை கேட்டு, இருபது தடவைக்கு மேல் திருத்தியது. அந்தப் பேச்சில் பாலஸ்தீனர்களுக்கு இடமில்லை; அவர்கள் பிரச்சினையும் தீரவில்லை. யாரை அழைக்கவில்லை என்று பார்க்கவும் பிள்ளைகள் பழக வேண்டும்.

தன் மக்களுக்காக வாதாடுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. 1976-ல் வங்கதேசம், கங்கையின் குறுக்கே மேற்கு வங்கத்தில் இந்தியா கட்டிய பராக்கா தடுப்பணைப் பிரச்சினையை ஐ.நா. பொதுச்சபைக்கே கொண்டுபோனது. மறு ஆண்டே ஓர் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1996 ஒப்பந்தத்தில் கோடைகாலக் கணக்கு இன்னும் தெளிவு. பராக்காவில் வரத்து விநாடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் சரிபாதி. 50,000-க்குக் கீழே போனால் இரு அரசும் உடனே கூடிப் பேச வேண்டும். அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு முன்னின்று உதவினார். 2011-ல் இதே இரு நாடுகளும் தீஸ்தா ஆற்று நீரைப் பங்கிட இருந்த ஒப்பந்தம் அதே மாநிலத்தின் எதிர்ப்பால் நின்றுபோனது. வெளிநாட்டுப் பேச்சானாலும் ஆற்றங்கரை மாநிலத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் நடக்காது. நாளைக்கு அப்படிப்பட்ட பேச்சில் உட்காரப் போகிறவர்கள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள்.

அதே 2011 டிசம்பரில் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றி கம்பம்–குமுளி சாலை அடைபட்டது. விடிகாலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் கூலியில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். மேடை போட்டு முழங்க இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. எதிர்ப்பக்கத்தாரை உட்கார வைத்துப் பேச ஆள் கிடைக்கவில்லை. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

இரு மாநிலமும் பேசவே முடியாது என்றும் இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. கேரளத்தின் சித்தூர் பக்கத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும் என்பது அதில் உள்ள கணக்கு. சண்டை சச்சரவு வந்தாலும் இரு மாநிலப் பொறியாளர்களும் கூட்டு வாரியத்தில் கூடி அளவைச் சரிபார்க்கிறார்கள். அப்படிக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைக்கலாம்.

தமிழகக் கல்வித்துறை முதலில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கட்டும். கேரளத்தில் வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளையும் மலையாளப் பிள்ளைகளையும் இங்குள்ளவர்களோடு சேர்த்து உட்கார வைக்கட்டும். முதல் பயிற்சியாகக் கங்கை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சையே கொடுக்கலாம். கேட்கும் பள்ளிக்கு என் பாடக்குறிப்புகளைத் தருகிறேன். நேரில் வந்து நடத்தவும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கூடலூர், தேனி மாவட்டம்.